செங்கடலைத் தாண்டிய அப்பளம்

என் கொழுந்தன் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வெளியுறவு மந்திரி. கப்பலூரில் இருக்கும் எங்கள் அப்பளக் கம்பெனிக்குள் காலையில் நான் நுழைந்ததும், "மதினி, இன்னைக்கு எந்த நாட்டுல சண்ட? சொல்லிட்டீங்கன்னா நாங்க மாவப் பெசய ஆரம்பிச்சிருவோம்" என்பான். மாவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பல வருடம் இதைக் கேட்டேன். ஒரு நாள்கூட எனக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை.

கம்பெனி மூன்று பேருக்குச் சொந்தம். என் வீட்டுக்காரர், அவர் தம்பி, நான். வீட்டுக்காரர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார், பேச்சு குறைவு. கொழுந்தன் உள்ளூர் வியாபாரம். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்து மளிகைக் கடைகளும் கல்யாணச் சமையல்காரர்களும் அவன் கையில். சரக்கு வாங்குவது, வெளியூருக்கு விற்பது, பேங்க் வேலை எல்லாம் என் தலையில். நான் பட்டம் வாங்கியது வரலாற்றில். எந்த அரசன் எந்த வருடம் செத்தான் என்று எழுதிப் பாஸ் பண்ணினேன். இன்றைய உலகம் எப்படி ஓடுகிறது என்று அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை எங்கள் குடோனுக்கு வந்த மூட்டைகளை வைத்துத்தான் படித்தேன்.

அப்பளத்துக்கு உளுந்து வேண்டும். எங்கள் பக்கத்தில் விளைவது போதாது. பர்மா உளுந்துதான் கை கொடுக்கும். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை டிவியில் அரை நிமிடம் காட்டிவிட்டு ஒரு நடிகர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் தரகர் போன் செய்தார். பர்மாவில் பேங்க் மூடிக் கிடக்கிறது, சரக்கு நகரவில்லை, கிடைக்கிற விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதே வருடம் ஆப்கானிஸ்தானில் ஆட்சி கைமாறியது. பெருங்காய அப்பளத்துக்கு வாங்கும் பால் பெருங்காயம் அங்கிருந்து வருகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வியாபாரி கையை விரித்தார்.

உக்ரைன் சண்டைதான் எனக்கு மண்டையில் உறைக்க வைத்தது. அந்த நாட்டிலிருந்து நாங்கள் ஒரு சொட்டு எதுவும் வாங்கியதில்லை. ஆனால் அங்கிருந்து வரும் சூரியகாந்தி எண்ணெய் நின்றதும் ஊர் உலகமெல்லாம் பாமாயிலுக்கு ஓடியது. எல்லோரும் ஓடி வந்ததும் இந்தோனேசியா தன் ஜனத்துக்கு வேண்டும் என்று பாமாயிலை வெளியே விடாமல் நிறுத்தியது. உசிலம்பட்டிச் சமையல்காரர் ஒருவர் என் கொழுந்தனிடம், "எண்ணெ விக்கிற வெலைக்கு அப்பளமெல்லாம் கட்டுபடியாகாதுண்ணே, பந்தியில நிப்பாட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டார். எங்கோ ஒரு பனிக்காட்டில் டாங்கி போகிறது, உசிலம்பட்டியில் இலையில் அப்பளம் விழவில்லை. நடுவில் இருக்கிற படிகளை எனக்கு எவனும் சொல்லவில்லை. டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். யார் வல்லரசு, யார் வீரன், யாருக்கு யார் பாடம் புகட்டினார்கள் என்று கத்தினார்கள். எண்ணெயைப் பற்றி ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைத் தூக்கி எறிந்தேன். அது உடைந்தது. புதிதாக வாங்கவும் இல்லை.

அதற்குப் பிறகு செய்தியைப் படிக்கும் விதத்தை மாற்றினேன். ஒரு சண்டை என்று வந்தால், அந்த ஊரிலிருந்து என்ன வெளியே போகிறது, எந்த வழியாகப் போகிறது, அந்த வழியை மறிக்க யாரால் முடியும், மறித்தால் எல்லோரும் எங்கே ஓடுவார்கள் என்று பார்ப்பேன். யார் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி. அதிலும் எனக்குக் கருத்து உண்டு, கேட்டால் சத்தமாகவே சொல்வேன். ஆனால் என் கருத்தைக் கேட்டுக் கப்பல் திரும்பாது.

திருநகரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் கழித்துப்போட்ட துணி உலகப்படம் ஒன்று அவர் பரணில் கிடந்தது. கேட்டேன், கொடுத்தார். அதில் ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே நாடாக ஒரே நிறத்தில் இருந்தன. டீச்சரே உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் புது எல்லைகளைப் போட்டுக் கொடுத்தார். "நான் பாடம் எடுத்தப்ப இது ஒரே நாடும்மா. பிள்ளைங்க பரீட்சையில அப்படித்தான் எழுதுச்சுங்க" என்றார். அதைக் கொண்டுபோய் கம்பெனி ஆபீஸ் சுவரில் மாட்டினேன். கொழுந்தன் பார்த்துவிட்டு, "மதினி, இதுல கப்பலூர் எங்கிட்டு இருக்கு?" என்றான். மறுபடியும் சிரிப்பு.

இந்த நிலைமையில்தான் ஜெர்மனி ஆர்டர் வந்தது. அங்கே மொத்தக் கடை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர் ஒருவர் எங்கள் அப்பளத்தை எங்கோ தின்று பார்த்துவிட்டு விலாசம் தேடிப் போன் செய்தார். ஒரு கண்டெய்னர் முழுக்க வேண்டும் என்றார். அதுவரை நாங்கள் அட்டைப்பெட்டிக் கணக்கில் மலேசியாவுக்கும் துபாய்க்கும் அடுத்தவர் சரக்கோடு சேர்த்து அனுப்பியவர்கள். ஒரு முழுக் கண்டெய்னர் எங்கள் பெயரில் போனதே இல்லை.

"அக்கா, ஒரு விசயத்தை இப்பவே சொல்லிப்போடுறன். தைப்பொங்கலுக்கு முன்னம் சாமான் என்ர கடைக்கு வரவேணும். பொங்கலுக்குச் சனம் வாங்கேக்க உங்கட பாக்கெட் தட்டில இருந்தால் வருசம் முழுக்க எடுப்பன். இல்லாட்டி பழைய ஆளிட்டயே போயிடுவன். குறை நினைக்காதேங்கோ."

நேராகப் பேசினார். எனக்குப் பிடித்தது. சரி என்றேன். இதைவிட்டால் எங்களுக்கு இன்னொரு வாசல் திறக்காது என்று மூன்று பேருக்குமே தெரியும். மழைக்காலத்தில் வேலையில்லாமல் பெண்களை வீட்டுக்கு அனுப்பும் பிழைப்பு ஓயவேண்டும் என்றால் இந்த ஆர்டர் நிலைக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புரட்டாசி வரைக்கும் அடிக்கும் வெயிலில் காய்ந்த அப்பளம் ஒரு ரகம். ஐப்பசி மழை பிடித்த பிறகு ஹீட்டர் அறையில் ஃபேன் காற்றில் காய்வது இன்னொரு ரகம். வெயில் சரக்கு மாதக்கணக்கில் தாங்கும், எண்ணெயில் போட்டதும் பூப்போல விரியும். ஃபேன் சரக்கு சீக்கிரம் ஈரம் வாங்கும். எங்கள் பக்கத்து அப்பளக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புரட்டாசி வெயில் சரக்கை எடுத்துக் கட்டி, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு உள்ளூர்ச் சமையல்காரர்களுக்காக வைத்துவிடுவார்கள். காரணம் பயம். வெளிநாட்டுக்காரன் நமத்த அப்பளத்தைத் தின்றால் அதிகம் போனால் ஒரு மெயில் போடுவான். திருமங்கலம் மண்டபத்தில் ஒரு பந்தியில் அப்பளம் பொரியாமல் தட்டையாகக் கிடந்தால், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் சேர்ந்து நம் குடும்பத்தை நாறடித்துவிடுவார்கள். அதனால் கப்பலுக்குப் போவது எப்போதும் மிச்ச மீதி.

கொழுந்தன் போட்ட திட்டமும் அப்படித்தான். கார்த்திகை முகூர்த்தம் பாதி முடியட்டும், அதற்குள் ஃபேன் சரக்கும் சேர்ந்துவிடும், மிச்ச வெயில் சரக்கையும் கலந்து கண்டெய்னரை நிரப்பினால் பொங்கலுக்கு ஒட்டிப் போய்ச் சேரும். சாதாரண வருடமாக இருந்தால் நானே சரி என்றிருப்பேன்.

அது சாதாரண வருடம் இல்லை. காசாவில் சண்டை தொடங்கியிருந்தது. குண்டு விழுந்த வீடுகளையும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களையும் தினமும் பார்த்தோம். சோறு இறங்காது. அதற்கு நடுவில் பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. ஏமனில் இருக்கிற ஆயுதக் கூட்டம் ஒன்று காசாவுக்கு ஆதரவாக இஸ்ரேலைப் பார்த்து ஏவுகணை விட்டிருக்கிறது, வழியிலேயே தடுத்துவிட்டார்கள் என்று. அவ்வளவுதான். பேப்பரோடு எழுந்து உலகப்படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஏமன் எங்கே இருக்கிறது, இஸ்ரேல் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். நீளமான செங்கடல் முழுக்க நடுவில் கிடக்கிறது. அம்புட்டுத் தூரம் எறிகிறவனுக்குத் தன் வீட்டு வாசலில் போகிற கப்பலை அடிக்க எவ்வளவு நேரமாகும்? அந்த வாசல் ஒரு சந்து. எங்கள் சரக்கு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போய்ப் பெரிய கப்பலுக்கு மாறும். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல் அந்தச் சந்துக்குள் நுழைந்துதான் ஆகவேண்டும். நுழையவில்லை என்றால் ஆப்பிரிக்காவைச் சுற்றவேண்டும். சுற்றினால் பொங்கல் முடிந்து, மாட்டுப்பொங்கல் முடிந்து, தை மாதமே பாதி போயிருக்கும்.

கொழுந்தனைக் கூப்பிட்டேன். "வெயில் சரக்கு மொத்தத்தையும் இப்பவே கப்பல்ல ஏத்தணும்" என்றேன்.

"மதினி, தூங்கி எந்திரிச்சு வாரீங்களா?"

"ஐப்பசிக்குள்ள லோடு போகணும். கார்த்திக வரைக்கும் அந்த வழி இருக்குமான்னு தெரியாது."

"எந்த வழி?"

படத்தில் காட்டினேன். அவன் கிட்டவே வரவில்லை. தூரத்தில் நின்றபடி சொன்னான். "எங்கிட்டோ ஒருத்தன் ராக்கெட் விட்டானாம். அதுக்குக் கல்யாண வீட்டுக்காரன் வாயில மண்ணப் போடணுமா? சமையக்காரவுகளுக்கு என்னத்தக் குடுக்கிறது?"

"ஃபேன் சரக்கக் குடு. ஹீட்டர் அறையில இன்னும் ஒரு நாள் கூடப் போட்டுக் குடு. அவுக வாங்கிட்டுப் போயி அன்னைக்கே பொரிக்கிறாக. இங்க மாசக்கணக்குல கடல்ல கெடக்கணும்."

"பந்தியில பொரியலன்னா செருப்பால அடி வாங்கப் போறது நானு. நீங்க இல்ல."

"கூட நானும் வாரேன். பாதி அடி எனக்குக் குடு."

"வெளையாடாதீங்க மதினி. கப்பலு வாரா வாரம் இருக்கு."

"கப்பல் இருக்கும்டா. வழி இருக்காது."

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். கையில் கிரீஸ். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. "என்ன, நீங்களும் சிரிக்கப் போறீங்களா? சிரிங்க. சிரிச்சிட்டுச் சொல்லுங்க" என்றேன். அவர் படத்துக்குக் கிட்டே போய், நான் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். "இந்தச் சந்து வழியாவா இம்புட்டுக் கப்பலும் போகுது?" என்றார். ஆமாம் என்றேன். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "இவ சொல்றபடி ஏத்துடா. தப்பாப் போனா நான் வந்து சமையக்காரவுககிட்டப் பேசுறேன்" என்றார். அவர் ஒரு மாதத்தில் பேசுவது அவ்வளவுதான்.

ஐப்பசி முடிவதற்குள் லோடு ஏற்றினோம். மழை விட்ட நேரமாகப் பார்த்துக் கண்டெய்னர் லாரியைக் கம்பெனி வாசலில் நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டி, பெண்கள் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றினார்கள். ஈரம் உறிஞ்சும் பைகளைச் சுவர் ஓரமெல்லாம் நானே தொங்கவிட்டேன், வழக்கத்தைவிட இரண்டு பங்கு. வழி நீண்டாலும் தாங்கட்டும் என்று. கொழுந்தன் லாரிக்குச் சூடம் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான்.

அடுத்து வந்த முகூர்த்தத்துக்கு ஃபேன் சரக்கு திருமங்கலத்தில் ஒரு மண்டபத்துக்குப் போனது. சொன்னபடி நானும் போனேன். சமையற்கட்டில் அந்த மண்டபத்துச் சமையல்காரர் ஒரு அப்பளத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தடவினார். மோந்தார்.

"ஏங்க்கா, கப்பல்காரனுக்கு வெயிலு, எங்களுக்கு ஃபேனா? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

"பொரிச்சுப் பாருங்கண்ணே. அப்புறம் திட்டுங்க."

"திட்ட மாட்டேன். இந்தா நிக்கிறாரே ஒங்க கொழுந்தனாரு, அவரத் தூக்கி எண்ணெயில போட்டுருவேன்."

கொழுந்தன் சிரிக்கவில்லை. சமையல்காரர் கொதிக்கிற எண்ணெயில் அப்பளத்தைப் போட்டார். விரிந்தது. வெயில் சரக்கு அளவுக்கு இல்லை. ஓரம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் பொரிந்தது, மொறுமொறுவென்று உடைந்தது. அவர் வாயில் போட்டு மென்றார். "போகுது. பந்திக்கு ஆகும். ஆனா தையில இந்தச் சரக்கக் கொண்டாந்தா வாசல்லயே நிப்பாட்டிருவேன்" என்றார். நான் முதல் பந்தி முடியும்வரை இலைகளைப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது அப்பளம் கேட்டவர்களும் இருந்தார்கள். கொழுந்தன் தண்ணீர் குடித்துவிட்டு, "தப்பிச்சோம்" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரமே செய்தி வந்தது. அந்த ஏமன் கூட்டத்து ஆட்கள் செங்கடலில் ஹெலிகாப்டரில் இறங்கி ஒரு சரக்குக் கப்பலை ஆட்களோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் வேலை பார்த்தவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்தபோது நான் சொன்னது நடந்துவிட்டது என்ற நினைப்பு முதலில் வரவில்லை. அவர்கள் வீட்டில் இதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் கண்டெய்னர் அப்போது கொழும்பில் பெரிய கப்பலுக்காகக் காத்துக் கிடந்தது.

தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "பெரிய கப்பல் கெளம்புமா, கெளம்பாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"கெளம்புதுக்கா. இப்போதைக்கு எல்லாக் கம்பெனியும் அந்த வழியாத்தான் போகுது. ஆனா இன்னும் எம்புட்டு நாளுன்னு எங்களுக்கே தெரியலக்கா."

கிளம்பியது. கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டு வைத்திருந்தேன். கடல் நடுவில் ஒரு சின்னப் புள்ளி, எங்கள் கப்பல். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். மாவு பிசையும் பெண்களும் பார்க்கத் தொடங்கினார்கள். "அக்கா, நம்ம கப்பலு எங்க போகுது?" என்று கேட்பார்கள். படத்தில் விரல் வைத்துக் காட்டுவேன். ஒரு பெண், "இந்தக் கடல்ல என் மாமா மகன் வேல பாக்குறான்க்கா, துபாய்க்கிட்ட" என்றாள். அது வேறு கடல் என்று காட்டினேன். இரண்டு கடலுக்கும் வாசலில் சந்து இருப்பதைப் பார்த்து, "ரெண்டுக்கும் வாசல் இம்புட்டுதானா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் நின்றுபோனது அந்த நாட்களில்தான். எப்போது நின்றது என்று நானே கவனிக்கவில்லை.

ஏமன் பக்கம் நெருங்கும்போது புள்ளி மறைந்துவிட்டது. காலையில் பார்த்தேன், இல்லை. ஆப்பை மூடித் திறந்தேன், இல்லை. போனை அணைத்துப் போட்டேன். கடல் மட்டும் நீலமாக இருந்தது.

கொழுந்தன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன மதினி, முங்கிருச்சா?"

"வாய மூடு."

"இல்ல, கேக்குறேன். காணமே."

ஏஜெண்டிடம் கேட்டால், "பயந்துக்கிட்டு சிக்னல அணைச்சிட்டுப் போவாங்கக்கா. இருட்டுல லைட்ட அமத்திட்டு வண்டி ஓட்டுற மாதிரி" என்றார். அது உண்மையா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று தெரியவில்லை. அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. என் கணக்குத் தப்பாக இருந்தால், ஊரில் நல்ல சரக்கும் போய், ஆர்டரும் போய், இத்தனை நாள் சிரித்ததற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். அதைவிட, அந்தக் கப்பலில் இருக்கிறவர்கள். அவர்கள் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. என் அப்பளத்தைச் சுமந்துகொண்டு விளக்கை அணைத்துப் போகிறார்கள். மதியம் சோறு வேண்டாம் என்று பையை மூடினேன். கொழுந்தன் டீ வாங்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அவனும் அன்று வெளியே வியாபாரத்துக்குப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம். ஹீட்டர் அறைக்குள் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் என் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "மதினி! மதினி! மேல வந்துருச்சு!"

பார்த்தேன். புள்ளி செங்கடலுக்குள் நல்ல தூரம் மேலே ஏறியிருந்தது. சந்தைத் தாண்டிவிட்டது. இனி சூயஸ், அதற்குப் பிறகு திறந்த கடல். நான் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு ஒரு கத்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை; நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பெண்கள் கை தட்டினார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர் என்னமோ தீப்பிடித்துவிட்டது என்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

கார்த்திகை கடைசியில்தான் பெரிய செய்தி வந்தது. கப்பல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக, செங்கடல் வழியாகப் போகமாட்டோம் என்று அறிவித்தன. பாதி வழியில் போய்க்கொண்டிருந்த கப்பல்களையும் திருப்பி ஆப்பிரிக்காவைச் சுற்றிவரச் சொல்லிவிட்டார்கள். கொழுந்தன் திட்டப்படி ஏற்றியிருந்தால் எங்கள் கண்டெய்னர் அந்தத் திரும்பிய கூட்டத்தில் இருந்திருக்கும். எங்கள் தொழிற்பேட்டை டீக்கடையில் எல்லாம் இதே பேச்சு. கப்பலூரில் வேறு பொருள் ஏற்றுமதி செய்கிறவர்களும் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். வாடகை ஏறிவிட்டது, கண்டெய்னர் கிடைக்கவில்லை என்று புலம்பினார்கள். நான் டீ வாங்கப் போனபோது ஒருவர், "ஒங்க சரக்கு என்னாச்சும்மா?" என்றார்.

"எங்களது இந்நேரம் ஐரோப்பாப் பக்கம் போயிருக்கும்ணே."

"எப்பிடி? ஒங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற கொழுந்தன் சொன்னான். "எங்க மதினிக்குத் தெரியும்ணே. ஐப்பசியிலயே சொன்னாக. நாந்தான் சண்ட போட்டேன்." டீக்கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, இத்தனை வருடம் எங்கே போனாய் என்று ஒரு அறை விடவும் தோன்றியது. டீயைக் குடித்தேன்.

எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, அடுத்து என்ன ஆகும், எப்போது வழி திறக்கும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. "சீக்கிரம் தெறக்கும்னு மட்டும் நம்பாதீங்க. காசாவுல குண்டு நிக்காம இது நிக்காது. ஆப்பிரிக்கா சுத்தித்தான் போகும்னு வச்சு நாளக் கணக்குப் போடுங்க" என்றேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஜெர்மனியிலிருந்து போன். போனை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டேன்.

"அக்கா, சாமான் வந்திட்டுது. நானே கத்தி வச்சுப் பெட்டி உடைச்சனான். ஒண்டும் நமத்துப்போகேல்லை. வீட்டில பொரிச்சுப் பாத்தம், என்ன வடிவா வருது! இஞ்ச மற்றக் கடையள் ஒண்டிலயும் ஊர் அப்பளம் இல்லை, எல்லாருக்கும் கடல்லயே கிடக்குதாம். எங்கட கடையில மட்டுந்தான். சனம் தூரத்தில இருந்து ட்ரெயின் ஏறி வந்து அள்ளிக்கொண்டு போகுது."

"அப்ப ஆர்டரு?" என்று கேட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

அவர் சிரித்தார். "வருசம் முழுக்க உங்களிட்டத்தான் அக்கா. நான் சொன்ன சொல்லு மாற மாட்டன். ஆனா நீங்கள் எப்பிடி அக்கா இவ்வளவு வெள்ளன ஏத்தினீங்கள்? சண்டையில வளந்த எனக்கே அது மண்டையில ஓடேல்லையே."

"சண்ட எங்க நடந்தாலும் எங்க அடுப்புக்கு வந்துருது தம்பி. அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். "உண்மைதான் அக்கா" என்றார். பிறகு அடுத்த கண்டெய்னருக்கு எத்தனை பெட்டி என்று கேட்டார்.

அந்த வருடம் தை மாதம் வெயில் நன்றாக அடித்தது. ஆப்பிரிக்கா சுற்றிப் போகும் என்றே நாள் கணக்குப் போட்டு, உறிஞ்சும் பைகளை இன்னும் கூட்டி, அடுத்த கண்டெய்னரை நிரப்ப ஆரம்பித்தோம். மழைக்காலத்தில் வீட்டுக்குப் போன பெண்கள் எல்லோரும் திரும்ப வந்திருந்தார்கள். புதிதாகச் சிலரும் சேர்ந்தார்கள். முற்றம் முழுக்கத் தட்டுகள். அப்போது கொழுந்தனுக்குப் போன் வந்தது. திருமங்கலம் சமையல்காரர். தை முகூர்த்தத்துக்கு வெயில் சரக்கு இப்போதே எடுத்துக் கட்டிவைக்கச் சொல்லிச் சத்தம் போடுவது எனக்கே கேட்டது.

கொழுந்தன் நிதானமாகச் சொன்னான். "அண்ணே, சரக்க எங்கிட்டு அனுப்புறதுன்னு இப்ப நான் முடிவு பண்றதில்ல. மதினிகிட்டக் கேளுங்க. அவுக சொன்னாத்தான்." போனை என்னிடம் நீட்டினான். முகத்தில் கேலி இல்லை.

போனை வாங்கினேன். முற்றத்தில் காயும் தட்டுகளை ஒருமுறை பார்த்தேன்.

"ஒங்களுக்கும் உண்டுண்ணே, கப்பலுக்கும் உண்டு" என்றேன். "எத்தனை கட்டு வேணும்னு சொல்லுங்க. கத்தாமச் சொல்லுங்க."